எழுத்தர் இல்லாத பதிவு ஆபீஸ்: எங்கள் கவுண்டி ரெக்கார்டருக்கு நாலு நட்சத்திரம்

அப்பா மன்னார்குடியில் பத்திர எழுத்தர். சார் பதிவாளர் ஆபீஸுக்கு எதிரே ஒரு மேஜை, கால் ஆடும் பெஞ்சு ஒன்று, ஒரு டைப்ரைட்டர். ஸ்கூல் விட்டால் அந்த பெஞ்சில்தான் எனக்கு வீட்டுப்பாடம். 'இதற்குச் செக்குபந்தியாவது' என்று அப்பா சொல்லிக்கொண்டே அடிப்பதைக் கேட்டுக் கேட்டு, வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான்கெல்லை சொல்லக் கற்றுக்கொண்டவள் நான். அதனால், வீட்டுப் பத்திரத்தை எங்கள் குடும்ப டிரஸ்ட் (சொத்து எங்களுக்குப் பிறகு யாருக்கு என்று எழுதி வைக்கும் அறக்கட்டளை ஏற்பாடு) பெயருக்கு மாற்ற வக்கீல் தனியாக 350 டாலர் கேட்டபோது, 'ஒரு பத்திரம் எழுத எனக்கு வக்கீலா?' என்று ரோஷம் வந்துவிட்டது. ரோஷத்தால் வந்த விமர்சனம் இது.

இருப்பது கலிஃபோர்னியா, பே ஏரியா. எந்தக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்பதை விடுங்கள், விதிகள் பெரும்பாலும் மாநிலம் முழுக்க ஒன்றுதான். டிரஸ்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. டிரஸ்ட் இல்லாமல் நாங்கள் போய்ச் சேர்ந்தால் வீடு புரோபேட் கோர்ட்டுக்குப் போகும், இறந்தவர் சொத்தை வாரிசுக்கு மாற்றும் கோர்ட் அது. அங்கே வக்கீல் கட்டணத்தைச் சட்டமே நிர்ணயித்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கடுத்த 8 லட்சத்துக்கு 2. 10 லட்சம் டாலர் வீட்டுக்கு 23,000 டாலர். கடன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் கணக்கு முழு விலைக்குத்தான். டிரஸ்ட் எழுதிவிட்டுப் பத்திரத்தை மாற்றாமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு குடும்பம். பாத்திரம் வாங்கி வைத்துவிட்டு அரிசி போடாத மாதிரி.

முதல் வேலை, 2009-ல் நாங்கள் வாங்கிய பழைய பத்திரத்தைக் கண்டுபிடிப்பது. அதிலுள்ள சொத்து விவரத்தை ஒரு புள்ளி பிசகாமல் புதுப் பத்திரத்தில் எழுத வேண்டும். கவுண்டியின் தேடல் பக்கத்தைத் திறந்தேன். வீட்டு முகவரி போட இடமே இல்லை. பெயர் மட்டும்தான். கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி. ஊரில் 1908-ம் வருடப் பதிவுச் சட்டத்திலேயே சொத்துப் பத்திரங்களுக்கு இரண்டு அட்டவணை உண்டு, ஒன்று ஆட்களின் பெயருக்கு, இன்னொன்று சொத்துக்கு. அந்த இரண்டாவதை வைத்துத்தான் சர்வே நம்பரைச் சொன்னால் வில்லங்கச் சான்றிதழ் வருகிறது. ஊரில் நிலத்தைக் கேட்டால் ஆளைச் சொல்வார்கள், இங்கே ஆளைச் சொன்னால்தான் நிலத்தைச் சொல்வார்கள்.

சரி, ஆளைச் சொல்வோம் என்று வீட்டுக்காரர் பெயரைப் போட்டேன். கடைசிப் பெயர் சுப்ரமணியன், என் மாமனார் பெயர். பூஜ்யம். என் பெயரைப் போட்டேன். அதே பூஜ்யம். பதினைந்து வருஷத்துக்கு மேல் வரி கட்டுகிற வீடு, ரெக்கார்டில் இல்லை என்றால் வயிறு கலங்குமா கலங்காதா? ராத்திரி பத்து மணிக்கு மேல் என்னென்னவோ எழுத்துக்கூட்டல் போட்டுப் பார்த்ததில் கடைசியில் அகப்பட்டது. சுப்ரமணியன் அங்கே சுப்ரமணியம் ஆகியிருந்தார். இங்கிலீஷில் கடைசி எழுத்து 'என்' (N) இருக்க வேண்டிய இடத்தில் 'எம்' (M). நானும் அதே 'எம்'முக்குள்தான். பத்திரத்தைத் தயாரித்தவர்கள் அடித்த பிழை, நாங்கள் அன்றைக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட பிழை. இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கிக்கொண்ட நம் ஆட்கள் எல்லோரும் இன்றைக்கே ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே 'டீட் ஆஃப் டிரஸ்ட்' என்று இரண்டு இருந்தன. 'டிரஸ்ட் ஏற்கெனவே இருக்கிறதே' என்று வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். அது குடும்ப டிரஸ்ட் இல்லை, பேங்குக்கு எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம். இந்த மாநிலத்தில் வீட்டுக் கடனுக்கு அந்தப் பெயர்தான். கடன் தீர்ந்தால் 'ரீகன்வேயன்ஸ்' என்று ஒன்று பதிவாக வேண்டும், நம்மூர் ரத்துப் பத்திரம் போல. 2012-ல் ரீஃபைனான்ஸ் செய்தபோது, அதாவது புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைத்தபோது, பழைய கடனுக்கு அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. உங்களுடையதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் அட்டவணை மட்டும்தான், பத்திரத்தின் படம் கிடையாது. அதற்கு நேரில் போக வேண்டும். போனேன். இந்த ஆபீஸில் எனக்குப் பிடித்தது அங்கேதான் தொடங்குகிறது. டோக்கன் எடுத்து உட்கார்ந்த இருபதாவது நிமிஷம் கூப்பிட்டார்கள். யாரும் 'என்ன விஷயமாக?' என்று முகம் சுளிக்கவில்லை. அங்கேயுள்ள கம்ப்யூட்டரில் யார் வீட்டுப் பத்திரத்தை வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், பிரிண்ட்டுக்குத்தான் காசு. வெளியே புரோக்கர் இல்லை, டீக்கடை இல்லை, 'சாருக்கு ஏதாவது' இல்லை. அப்பா பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார், டீக்கடை இல்லாததை.

வந்த வேலை முடிந்தும் எனக்குப் புத்தி சும்மா இருக்கவில்லை. வீடு 1947-ல் கட்டியது. வாங்கியபோது கொடுத்த டைட்டில் ரிப்போர்ட்டில் (சொத்தின் உரிமை, வில்லங்கம் பற்றிய அறிக்கை), மனைப்பிரிவுக்கு ஏதோ கட்டுப்பாடுகள் இருப்பதாகப் புத்தக எண், பக்க எண்ணோடு ஒரு வரி இருந்தது. அதைக் காட்டினேன். கவுண்டரில் இருந்த அம்மா மைக்ரோஃபிலிம் சுருளை எடுத்து வந்து மெஷினில் மாட்டிக் கொடுத்தார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. கோழி வளர்க்கக் கூடாது, தெருவிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும். அதற்கு அடுத்த ஷரத்து: வெள்ளை இனத்தவர் அல்லாத யாரும் இந்த மனைகளில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரராகத் தங்குபவர்கள் நீங்கலாக.

கைப்பிடியை நிறுத்திவிட்டேன். கோழிக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு ஷரத்து. வேலைக்காரியாக வந்திருந்தால் எங்கள் வீட்டிலேயே நான் தங்கியிருக்கலாம்.

இது செல்லாது என்று எனக்குத் தெரியும். ஷெல்லி எதிர் க்ரேமர் வழக்கில் 1948-லேயே இந்த மாதிரி ஷரத்துகளை எந்தக் கோர்ட்டும் அமல்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வீடு விற்பதில், வாடகைக்கு விடுவதில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 1968 சட்டம் மிச்சத்தையும் தீர்த்தது. ஆனால் காகிதம் போகவில்லை. 2021-ல் கலிஃபோர்னியா போட்ட சட்டப்படி, ஒவ்வொரு கவுண்டி ரெக்கார்டரும் இவற்றைத் தேடி எடுத்து நீக்க வேண்டும். பக்கத்துச் சாண்டா கிளாரா கவுண்டிக்காக ஸ்டான்ஃபோர்டு ஆய்வுக் குழு ஒன்று 52 லட்சம் பத்திரப் பக்கங்களை ஏஐ வைத்துத் துழாவி, ஏறத்தாழ 7,500 ஷரத்துகளைக் கண்டுபிடித்ததாக 2024-ல் படித்தேன். எங்கள் சுருளுக்கு இன்னும் முறை வரவில்லை போல. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்து வந்து வைத்தார். கவுண்டி வக்கீல் பார்த்துச் சரி என்றால், அந்த வரியை அடித்த பிரதியைப் பதிவு செய்வார்களாம். அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன். இந்த ஒன்றுக்காகவே இரண்டு நட்சத்திரம்.

இனிக் குறை. பத்திரத்தை எழுதி, பக்கத்துப் பார்சல் கடையில் நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம், அதைத்தான் வாங்கினார். பெருவிரல் ரேகையும் வைத்தோம், பத்திரத்தில் இல்லை, அவருடைய நோட்டில். சாட்சி கிடையாது, போட்டோ கிடையாது, முத்திரைத்தாள் கிடையாது, வெறும் வெள்ளைத் தாள். கவுண்டருக்குக் கொண்டுபோனால் திருப்பிவிட்டார்கள். நோட்டரி சீல் மங்கலாக இருக்கிறதாம், ஸ்கேனில் விழாதாம். மறு கையெழுத்து, மறு 30 டாலர். இரண்டாம் தடவை போனால், மேலே வலது பக்கம் அவர்கள் சீலுக்கு விட வேண்டிய இடத்தில் என்னுடைய ஒரு வரி நுழைந்துவிட்டதாம். மூன்றாம் தடவை போனபோது மணி நாலு தாண்டிவிட்டது, அதற்கு மேல் பத்திரம் வாங்குவதில்லை.

ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்டேன், 'வேறு ஏதாவது தப்பு இருக்கிறதா?' ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், 'நாங்கள் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது.' முதல் தடவையே சீலையும் சொல்லி, இடத்தையும் சொல்லியிருந்தால் அதில் என்ன சட்டம் இருக்கிறது? அப்பா மாதிரி ஒருத்தர் அந்த பார்க்கிங் லாட்டில் மேஜை போட்டு உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் வீடு வாங்கிவிடலாம், கலிஃபோர்னியாவிலும்.

நாலாம் தடவை வாங்கிக்கொண்டார்கள். வீட்டை டிரஸ்ட்டுக்கு மாற்றுவதற்கு மாற்றல் வரி இல்லை (விற்பனை என்றால் 1,000 டாலருக்கு 1.10), ஆனால் ஏன் இல்லை என்பதைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 75 டாலர் வீட்டு வசதிக் கட்டணம் ஒன்று 2018-லிருந்து உண்டு. குடியிருக்கும் சொந்த வீடு என்று முதல் பக்கத்தில் குறிப்பிட்டதால் அதுவும் விலக்கு. எழுத மறந்தால் வாங்கிக்கொள்வார்கள், ஞாபகப்படுத்த மாட்டார்கள். சொத்து வரி ஆபீஸுக்கான உரிமை மாற்றப் படிவத்தைக் கூடவே கொடுக்காவிட்டால் 20 டாலர் தண்டம். எல்லாம் முடிந்து, நோட்டரி காசு போக, கவுண்டரில் நான் கட்டியது 30 டாலரைத் தொடவில்லை. பத்திரத்தை ஸ்கேன் செய்து, நம்பர் போட்டு, அசலை வீட்டுக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

அசல் வந்த பிறகு உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. அந்த வீடு எங்களுடையதுதானா என்று இத்தனை நடையில் ஒருவரும் கேட்கவில்லை. வடிவம் சரி, சீல் சரி, காசு சரி, பதிவு. பத்திரத்தில் எழுதியது உண்மையா என்று பார்ப்பது அவர்கள் வேலையே இல்லை. நம் பெயரில் எது பதிவானாலும் ஈமெயில் அனுப்பும் இலவச சேவை எங்கள் கவுண்டியில் இருக்கிறது. அன்றைக்கே சேர்ந்தேன், 'என்' ஒன்று, 'எம்' ஒன்று என்று இரண்டு பெயரிலும்.

மூன்று வாரம் கழித்து அரசாங்கக் கடிதம் போலவே ஒன்று வந்தது. பத்திர நம்பர், பதிவுத் தேதி எல்லாம் சரியாகப் போட்டு, 'உங்கள் பத்திரத்தின் நகலுக்கு' நூறு டாலருக்கு மேல் கட்டச் சொல்லி, கடைசித் தேதியோடு. வீட்டுக்காரர் செக் புத்தகத்தையே எடுத்துவிட்டார். அடியில் பொடி எழுத்தில், இது அரசு அலுவலகம் அல்ல. அசலே பீரோவில் இருக்கிறது, கவுண்டியில் நகல் சில டாலர்தான். கிழித்துப் போட்டேன்.

அந்த 'எம்' விவகாரத்துக்கு வழி சொன்னது கவுண்டர் இல்லை, வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கும் என் தோழி. புதுப் பத்திரத்தில் 'சுப்ரமணியன், சுப்ரமணியம் என்ற பெயரில் உரிமை பெற்றவர்' என்று எழுதச் சொன்னாள். அப்படி எழுதினால் இரண்டு பெயரிலும் அட்டவணையில் ஏறும், பத்திரத் தொடர் அறாது. போன வாரம் தேடிப் பார்த்தேன். 'என்'னில் போட்டாலும் வருகிறது, 'எம்'மில் போட்டாலும் வருகிறது.