பழைய ஆல்பம் ஸ்கேன் பண்ற கடை: எங்க பெசன்ட் நகர் பீச் போட்டோங்கள குடுத்துப் பாத்ததுல

ஸ்கேனிங்குக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஏஐ டச்சப்புக்கு ஒண்ணு தான். ரெண்டும் ஒரே கடையில பண்றாங்க, அதனால மொத்தமா நாலு ஸ்டார். ஏன்னு விலாவாரியா சொல்றேன், வீட்டு ஆல்பத்த தூக்கிட்டுப் போறவங்க எதக் கேட்டு வாங்கணும், எத வேணாம்னு சொல்லணும்னு தெரிஞ்சிட்டுப் போறது நல்லது.

நான் குடுத்தது எல்லாம் எங்க அப்பா எடுத்த போட்டோ. 70கள்ல ஆரம்பிச்சு 80கள் கடைசி வரைக்கும், முக்கால்வாசி பெசன்ட் நகர் பீச்சுலயும் எங்க குவார்ட்டர்ஸ் வாசல்லயும் எடுத்தது. அப்பா கிட்ட இருந்தது ஆக்ஃபா கிளிக் 3 கேமரா. அந்தக் காலத்துல தெருவுக்கு நாலு வீட்ல அது இருக்கும், 120ங்கற சைஸ் ஃபிலிம் ரோல் ஒண்ணு போட்டா 12 படம், எல்லாம் சதுரமா வரும். பன்னண்டே படம்ங்கறதால அப்பா சும்மா அமுக்க மாட்டார், வெயில் எந்தப் பக்கம்னு பாத்து, எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு, அசையாதீங்கன்னு சொல்லி அப்புறம் தான் கிளிக். கிட்ட வந்து எடுத்தா அந்தக் கேமராவுல மங்கிடும், அதனால எப்பவும் தள்ளி நின்னு தான் எடுப்பார். எங்க போட்டோ எல்லாத்துலயும் நாங்க நடுவுல சின்னதா இருப்போம், சுத்தி முழுக்க மணலு, கடலு, கட்டுமரம், யாரோ போறவங்க வர்றவங்க. முகமே தெரியலியேன்னு அம்மா அப்பவே கோவிச்சுப்பாங்க. எனக்கு இப்ப அந்தச் சுத்தி இருக்குறது தான் வேணும், ஏன்னா எங்க முகத்த நாங்க தினமும் பாக்குறோம், அந்த ஊர இனிமே அந்தப் படத்துல மட்டும் தான் பாக்க முடியும்.

இத நான் கடையில சொன்னப்போ அங்க வேல பாக்குற தம்பி உடனே புரிஞ்சிக்கிட்டாரு, அது தான் எனக்கு இந்தக் கடைய பிடிச்சுப் போன முதல் காரணம். "அப்ப நெகட்டிவ் இருந்தா அதயும் எடுத்துட்டு வாங்க மேடம், பிரிண்ட்ல ஓரம் வெட்டுப்பட்டு இருக்கும்"னாரு. அம்மா பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல சுருட்டி வச்சிருந்த நெகட்டிவ் எல்லாத்தயும் கொண்டு போனேன். அவர் சொன்னது எவ்ளோ சரின்னு வந்த ஃபைல பாத்தப்போ தான் தெரிஞ்சுது. ஒரு பிரிண்ட்ல எங்க அத்தையும் நானும் மணல்ல உக்காந்திருக்கோம், அவ்ளோ தான். அதே படத்தோட நெகட்டிவ்ல இடது ஓரத்துல சாரம் கட்டின கட்டடம் ஒண்ணு நிக்குது, பெருசாக்கிப் பாத்தா அது அஷ்டலட்சுமி கோயில்! 1976ல கும்பாபிஷேகம் ஆன கோயில், அப்ப இது அதுக்கு முன்னாடி எடுத்தது. கோயில் கட்டிட்டிருந்தப்போ நாங்க அங்க வெளையாடிருக்கோம்னு எனக்கு ஞாபகமே இல்ல, படம் சொல்லுது.

அதே மாதிரி அடையாறு முகத்துவாரத்துல எடுத்த ஒரு படம். இது எந்த வருஷம்னு எங்க வீட்ல பெரிய வாக்குவாதம், அண்ணன் 79ன்னு சாதிச்சான். ஸ்கேன்ல பின்னாடி இருக்குற பாலம் முழுசா கரையில இருந்து கரை வரைக்கும் போகுது. இப்ப எல்லாரும் ப்ரோக்கன் பிரிட்ஜ்னு போய் செல்ஃபி எடுக்குறாங்களே அதே பாலம் தான், 1967ல கட்டி 1977ல உடைஞ்சு போச்சு, அப்புறம் யாரும் சரி பண்ணல. பாலம் முழுசா இருக்குன்னா 77க்கு முந்தி தான். அந்தப் பக்கம் சீனிவாசபுரத்துக்கு நடந்தே போய்ட்டு வருவோம்னு அப்பா சொல்லுவாரு, அந்த நட படத்துல இருக்கு, கைப்பிடிச் சுவரோரம் ரெண்டு பேர் கூடையோட போறாங்க.

சரி கடைக்கு வர்றேன். கறுப்பு வெள்ள நெகட்டிவுக்கு தூசி எடுக்குற ஆட்டோமேட்டிக் வசதி வேல செய்யாதாம். அது இன்ஃப்ராரெட்ல பாக்குற முறை, படமே வெள்ளியால ஆனதால தூசியையும் படத்தையும் அதுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுன்னு அந்தத் தம்பி சொன்னாரு. அதனால பிளோயர் வச்சு ஊதி, மிச்சத்த ஒவ்வொண்ணா கம்ப்யூட்டர்ல கையால எடுத்திருக்காங்க, பொறுமை வேணும் அதுக்கு. கடல்காத்துல இருந்த போட்டோங்கறதால பல பிரிண்ட்ல ஓரம் எல்லாம் வெள்ளி பூத்து நீலமா மினுங்கும், சாச்சுப் பாத்தா தான் தெரியும். அதுக்காக எதையும் தேய்க்கல, கெமிக்கல் போடல. ஒட்டுற ஆல்பம் ஒண்ணு இருந்துச்சு, அந்த மஞ்சக் கோந்து பக்கத்துல பிளாஸ்டிக் ஷீட்டு மூடுற மாதிரி வரும்ல அது. அதுல இருந்து போட்டோவ பிச்சு எடுக்காம, பல்லுக்கு நடுவுல விடுற ஃபிளாஸ் நூல அடியில விட்டு மெதுவா அறுத்து எடுத்தாங்க, ஒரு மூலை கூட கிழியல. தாத்தா படம் ஒண்ணு ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, அத கழட்டவே இல்ல, அப்படியே கேமரா ஸ்டாண்டுல வச்சு ரெண்டு பக்கமும் லைட்ட சாச்சுப் போட்டு படம் எடுத்துட்டாங்க. வேற ஒரு இடத்துல இதே போட்டோவ தண்ணியில ஊற வச்சு எடுத்துடலாம்னு சொன்னாங்க, நான் குடுக்காம வந்துட்டேன்.

கலர் படங்க தான் எனக்கு ரொம்ப ஆச்சரியம். 80கள்ல எடுத்த கலர் பிரிண்ட் எல்லாம் இப்ப செவப்பா போயிருக்கும், எல்லா வீட்லயும் அப்படித் தான், அதுல இருக்குற சியான்ங்கற நீலப்பச்சை சாயம் முதல்ல வெளுத்துடும், மிச்சம் செவப்பும் மஞ்சளும் தான் நிக்கும். எங்க பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் திருவிழா படம் ஒண்ணு, செப்டம்பர் 8 நெருங்க நெருங்க காவித் துணி கட்டிட்டு எங்கெங்கயோ இருந்து நடந்தே வருவாங்க, எங்க தெரு முழுக்க அந்தக் கூட்டம் தான். பிரிண்ட்ல மனுஷங்க, சுவரு, வானம் எல்லாமே ஒரே காவியா இருந்துச்சு. கலர் சரி பண்ணிக் குடுத்த ஃபைல்ல வானம் வானமா இருக்கு, நடந்து வர்றவங்க காவி தனியா தெரியுது, நடுவுல எங்க தங்கச்சி ஊதா கவுன்ல நிக்கிறா. அத பாத்து நான் கடையிலயே அழுதுட்டேன், அந்தத் தம்பி தண்ணி குடுத்தாரு.

இப்ப குறை. ஃபைல் குடுக்குறப்போ கூடவே "ஏஐ என்ஹான்ஸ்டு"ன்னு ஒரு ஃபோல்டர் வருது, அதுக்குத் தனியா காசு. தயவுசெஞ்சு அத எடுக்காதீங்க. எங்க பாட்டிக்கு முகச்சுருக்கம் எல்லாம் போய் பல்லு வரிசையா வந்து நிக்குது, அது எங்க பாட்டியே இல்ல. முகத்த விடுங்க, பின்னாடி தான் பெரிய அநியாயம். ஸ்மிட் நினைவு மண்டபத்துக்கு முன்னாடி எடுத்த படத்துல (1930ல கடல்ல தவிச்சவங்கள காப்பாத்தப் போய் முழுகிப் போன டென்மார்க் மாலுமிக்குக் கட்டினது, பெசன்ட் நகர்க்காரங்களுக்கு அது தான் அடையாளம்) சுவத்துல இருந்த காரை பேந்த இடம், கரிக்கட்டைல எழுதின கிறுக்கல் எல்லாத்தையும் வழிச்சுப் புதுசு மாதிரி ஆக்கி வச்சிருக்கு. இன்னொண்ணுல கரையில கட்டு அவுத்து மரம் மரமா காயப் போட்டிருந்த கட்டுமரத்த குப்பைன்னு நெனச்சு மணலாவே மாத்திடுச்சு. கடலுக்கு நீச்சல்குளம் கலர். நம்ம கடல் எப்பங்க அந்தக் கலர்ல இருந்துச்சு? சுனாமிக்கு அப்புறம் எல்லாம் ஃபைபர் படகு ஆயிடுச்சு, அந்த மாதிரி வரிசையா கட்டுமரம் கெடக்குறத இனிமே எங்க போய்ப் பாக்குறது, இருக்குற ஒரு படத்துலயும் அழிச்சா எப்படி. நான் சொன்னதும் அந்தக் காசத் திருப்பிக் குடுத்துட்டாங்க, வாக்குவாதம் பண்ணல, அத சொல்லியே ஆகணும். ஆனா கேக்காமலே அந்த வேலைய பண்ணி வைக்குறது தப்பு.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுறேன். ஒரு படத்துல எங்களுக்குப் பின்னாடி மீன் கூடையோட ஒரு ஆயா உக்காந்திருக்காங்க, ஊரூர் குப்பத்துல இருந்து எங்க குவார்ட்டர்ஸுக்கு தெனமும் வருவாங்க, சங்கரா மீன்னா அம்மா அவங்க கிட்ட மட்டும் தான் வாங்குவாங்க. பிரிண்ட்ல அது ஒரு புள்ளி. 2400 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 2400 புள்ளி) நெகட்டிவ ஸ்கேன் பண்ணதுல மூக்குத்தி வரைக்கும் தெரியுது. அந்த இடத்த மட்டும் பெருசு பண்ணி பிரிண்ட் போட்டு குப்பத்துல கொண்டு போய்க் காட்டினேன், அவங்க பேத்தி வீடு இப்பவும் அங்க தான் இருக்கு. 2004 டிசம்பர் 26ல தண்ணி வீட்டுக்குள்ள வந்து இருந்த போட்டோ எல்லாம் போயிடுச்சாம், ஆயாவோட படம்னு ஒண்ணு கூட இல்லாம இருந்திருக்காங்க. கடைக்காரர் கிட்ட இத சொன்னப்போ இன்னும் ரெண்டு காப்பி போட்டு லேமினேட் பண்ணாம நல்ல பேப்பர்ல குடுத்தாரு, காசு வாங்கல. லேமினேட் பண்ணா அப்புறம் பிரிக்கவே முடியாதாம்.

போறவங்களுக்கு: பிரிண்ட்டுக்கு 600 டிபிஐ போதும், நெகட்டிவ்க்கு 2400 கேளுங்க, நெகட்டிவ் ரேட்டு ரெண்டு மடங்குக்கு மேல வரும், ஆனா குடுக்கலாம். போட்டோவோட பின்பக்கத்தயும் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்க, கேக்கலன்னா பண்ண மாட்டாங்க, எங்க அப்பா கையெழுத்துல தேதியும் ஊரும் அங்க தான் இருந்துச்சு. ஓரம் வெட்ட வேணாம், கலர் மட்டும் சரி பண்ணுங்க, ஏஐ வேணாம்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க. ஆல்பம் எந்தப் பக்கம் எந்த வரிசைன்னு ஃபைல் பேர்லயே போட்டுக் குடுக்குறாங்க, அது ரொம்ப உபயோகம். டிஃப் ஃபைல் (தரம் குறைக்காம சேமிக்கிற பட ஃபைல்) எல்லாம் பெருசு பெருசா இருக்கும், பென்டிரைவ் பத்தாது, ஹார்ட் டிஸ்க் எடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழம லீவு, வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸுல போறது உத்தமம்.