ஜப்பானில் வீட்டுக்கு எந்த இணையம்: ஹிகாரியா, ஹோம் ரவுட்டரா, பாக்கெட் வைஃபையா?

டோக்கியோவில் இரவு ஒன்பதரை என்றால் ஊரில் மாலை ஆறு. அம்மா விளக்கேற்றிவிட்டு ஃபோனோடு வந்து உட்காரும் நேரம். இங்கே அதே நேரத்தில்தான் அடுக்ககம் முழுக்கச் சாப்பிட்டு, குளித்து, ஆளுக்கொரு திரையோடு சாய்கிறது. இணையம் திணறுவதும் அப்போதுதான். அதனால் ஜப்பானுக்கு வேலைக்கு வரும் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: விளம்பரத்தில் இருக்கும் ஜிகாபிட் கணக்கை ஓரமாக வையுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு வீடியோ அழைப்பு தாங்குமா, எத்தனை வருடம் இங்கே இருப்பீர்கள், இந்த இரண்டை மட்டும் பாருங்கள். மூன்று வழிகளையும் வெவ்வேறு வீடுகளில் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதலில் ஹிகாரி. ஒளி என்று பொருள். ஃபைபர் இணைப்பை இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைப்பார்கள். பல இடங்களில் கம்பி என்டிடி கிழக்கு அல்லது என்டிடி மேற்கு நிறுவனத்துடையது. 2015 முதல் அதே கம்பியை வாங்கி, மற்ற நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்கின்றன. டொகோமோ ஹிகாரி, சாஃப்ட்பேங்க் ஹிகாரி எல்லாம் இப்படித்தான். பெயர் மாறினாலும் வீட்டுச் சுவர் வரை வருவது பெரும்பாலும் அதே கம்பி. ஆகவே எந்தப் பெயரை எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கட்டடத்துக்குள் கம்பி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது முக்கியம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் நான் இருந்த பழைய கட்டடத்தின் துண்டறிக்கையில் "1 ஜிகா" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, ஃபைபர் கட்டடத்தின் அடித்தளம் வரைதான் வருகிறது, அங்கிருந்து என் அறைக்குப் பழைய தொலைபேசிக் கம்பி. இந்த வகைக்கு விடிஎஸ்எல் என்று பெயர். எவ்வளவு பணம் கட்டினாலும் நொடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டாது. வீடு பார்க்கப் போகும்போதே சுவரைப் பாருங்கள். ஹிகாரி என்று குறித்த சின்னத் துளை இருந்தால் ஃபைபர் அறைக்கே வந்திருக்கிறது. ஆள் வந்து கோஜி, அதாவது இணைப்பு வேலை, செய்யாமலேயே முடிந்துவிட வாய்ப்பு உண்டு. தொலைபேசித் துளை மட்டும் இருந்தால் வீட்டுத் தரகரிடம் கேட்டுவிடுங்கள். சுவரில் துளை போட வேண்டியிருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

சரி, ஃபைபர் அறைக்கே வந்துவிட்டது, ஆனாலும் இரவில் படம் உறைகிறது. ஏன்? பிபிபிஓஇ என்ற பழைய முறையில் எல்லோருடைய போக்குவரத்தும் என்டிடியின் ஒரு குறுகிய வாசல் வழியாகத்தான் இணைய நிறுவனத்துக்குப் போகிறது. கோயில் திருவிழாவில் ஒரே வாசலைத் திறந்துவைத்த மாதிரி. ஐபிஓஇ என்ற புதிய முறை அந்த வாசலைத் தொடாமல் வேறு பாதையில் போகிறது. எனக்கு இரவு வேகம் 5, 6 மெகாபிட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. அதே பழைய தொலைபேசிக் கம்பியில், முறையை மட்டும் மாற்றிய மறுநாள் 70ஐத் தாண்டியது. ஆனால் ரவுட்டரும் இந்த முறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கடைக்காரரிடம் "ஐபிவி6 ஐபிஓஇ" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

ஊரிலிருந்து ரவுட்டரைக் கொண்டுவராதீர்கள். இங்கே குடியிருப்பவர்கள் பயன்படுத்தும் வைஃபை கருவியில் கிதெகி முத்திரை இருக்க வேண்டும். வட்டத்துக்குள் மின்னல் கீற்று போன்ற சின்னம் அது. முத்திரை இல்லாத கருவியை இயக்குவது வானொலிச் சட்டப்படி தவறு. சுற்றுலா வருகிறவர்கள் போன்றோருக்கு, நாட்டுக்குள் நுழைந்ததிலிருந்து 90 நாள் சலுகை உண்டு.

அடுத்தது ஹோம் ரவுட்டர். மொபைல் சிக்னலை வாங்கி வீட்டுக்கு வைஃபை தரும் பெட்டி. மின்துளையில் செருகினால் போதும், கோஜி இல்லை, உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. ஜப்பானில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாதி ஊரே வீடு மாறும். அந்த நேரத்தில் ஹிகாரிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்போது இந்தப் பெட்டி பெரிய உதவி. டொகோமோவின் ஹோம் 5ஜி 2021இல் வந்தது. சாஃப்ட்பேங்க் ஏர் அதற்கும் முந்தையது. மாதம் சுமார் 5,000 யென். அடுக்ககத்து ஹிகாரி 4,000, 4,500 யென்னுக்குள் வருவதோடு ஒப்பிட்டால் மலிவு என்று சொல்ல முடியாது. கான்கிரீட் சுவருக்குள் 5ஜி சிக்னல் பலவீனம். ஜன்னலோரம் வைக்க இடமில்லாத வீட்டுக்கு இது ஒத்துவராது. டொகோமோ பெட்டியைப் பதிவு செய்த முகவரியில்தான் பயன்படுத்தலாம், நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இதில் என்னை உறுத்துவது கருவியின் விலைதான். "கருவி இலவசம்" என்பார்கள். உண்மையில் விலையை 36 அல்லது 48 தவணையாகப் பிரித்து, மாதாமாதம் அதே அளவு தள்ளுபடி தருகிறார்கள். ஒன்றரை வருடத்தில் ஊருக்குத் திரும்பினால் தள்ளுபடி நின்றுவிடும், மீதித் தவணை உங்கள் தலையில். 2022 ஜூலைக்குப் பிறகான ஒப்பந்தங்களில் இடையில் விலகும் அபராதம் ஒரு மாதக் கட்டணத்தைத் தாண்டக்கூடாது என்று விதி வந்துவிட்டது. ஆனால் கருவித் தவணை அந்த விதிக்குள் வராது. ஹிகாரியிலும் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருக்கிறது: சுமார் 20,000 யென் கோஜிக் கட்டணம் தவணையாக ஓடும். இரண்டு வருட ஆன்சைட் வேலைக்கு வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் "எத்தனை தவணை?" என்று கேட்டே ஆக வேண்டும்.

பாக்கெட் வைஃபை, அதாவது பையில் வைத்துக்கொண்டு போகும் சின்ன ரவுட்டர். இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரயிலிலும் ஹோட்டலிலும் வாழ்கிறவர்களுக்கு நல்லது. வீட்டில் மனைவி, பிள்ளை, டிவி என்று நாலு கருவி சேர்ந்தால் மூச்சு வாங்கும், காலையில் நீங்கள் அலுவலகம் போகும்போது வீட்டின் இணையமும் உங்கள் பையோடு கிளம்பிவிடும்.

அதைவிட, தனியாக வந்தவர்களுக்கு நான் சொல்வது ரகுட்டென் மொபைல் சிம். அளவில்லாத டேட்டா, வரி சேர்த்து 3,278 யென், ஃபோனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடுவதும் அதற்குள் அடக்கம், குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் இல்லை. கட்டடத்துக்கு உள்ளே சில இடங்களில் சிக்னல் தடுமாறும். முதல் மாதம் வாங்கி, படுக்கையறையில் இரவு ஒன்பதரைக்குச் சோதித்துப் பாருங்கள். சரிப்படவில்லை என்றால் விட்டுவிடலாம். ஒரு மாதம் முழுக்கச் சோதித்துப் பார்த்துவிட்டு அபராதமில்லாமல் விலகும் இந்தச் சுதந்திரம் மற்றவற்றில் பெரும்பாலும் இல்லை.

அப்புறம், எதை எடுப்பதாக இருந்தாலும் முதலில் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, ஸைர்யூ கார்டின் (இங்கே தங்கும் வெளிநாட்டவருக்கான அடையாள அட்டை) பின்பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் எந்தக் கடையிலும் நகராது. பல நிறுவனங்கள் கிரெடிட் கார்டு கேட்கும். புதிதாக வந்தவர்களுக்கு இங்கே கார்டு கிடைப்பது கடினம், வங்கிக் கணக்கிலிருந்து கழிக்க ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தைத் தேடுங்கள்.

என் தேர்வு இது. ஒரு வருடத்துக்குள் திரும்புகிறவர்கள் சிம்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குடும்பத்தோடு மூன்று வருடமாவது இருப்பவர்கள், சுவரில் ஹிகாரி துளை உள்ள வீடாகப் பார்த்து ஃபைபரே எடுங்கள். இடையில் இருப்பவர்களுக்கும், விடிஎஸ்எல் கட்டடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஹோம் ரவுட்டர். தவணை பாக்கியைக் கணக்குப் போட்டுவிட்டு.

ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அன்றிலிருந்து 8 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால், காரணம் சொல்லாமலே ஹிகாரி இணைப்பிலிருந்து விலகலாம். நடந்து முடிந்த கோஜிக்கும், பயன்படுத்திய நாட்களுக்கும், ஒப்பந்தப் பதிவுக் கட்டணத்துக்கும் மட்டும் பணம் கேட்பார்கள். இணைப்பு அதற்குள் வந்துவிட்டால், அந்த 8 நாளும் இரவு ஒன்பதரைக்கு வீட்டுக்கு வீடியோவில் பேசிவிடுங்கள்.