பைப் கேஸுக்கு மாறும் முன் அடுப்பின் ஜெட்டைப் பாருங்கள்

சிலிண்டரை விட்டுக் குழாய் வழி இயற்கை எரிவாயுவுக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது. எரிவாயுவின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இணைப்பை விற்றவர்மீதும் மாட்டிக் கொடுத்தவர்மீதும்தான் கோபம். அவர்கள் முழுப் பொய் என்று ஒன்றும் சொல்லவில்லை, எல்லாமே பாதி உண்மை. அதனால்தான் நானும் ஏமாந்தேன்.

"இப்போது இருக்கும் அடுப்பே போதும்" என்றார் விற்க வந்தவர். அடுப்பு போதும்தான். ஆனால் அதற்குள் இருக்கும் ஜெட், அதாவது பர்னருக்கு வாயுவைப் பீய்ச்சும் சிறு துளையுள்ள திருகு, போதாது. சிலிண்டரில் வருவது புரோப்பேனும் பியூட்டேனும், குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அதே கன அளவு மீத்தேனைவிட அவை இரண்டரை மடங்குக்குக் குறையாத வெப்பம் தரும். அழுத்தமும் வேறு: சிலிண்டர் ரெகுலேட்டரில் 30 மில்லிபார் அளவில் வருவது, குழாயில் 20 அளவில்தான் வரும். ஆகவே இயற்கை எரிவாயுவுக்குப் பெரிய துளையுள்ள ஜெட், அதுவும் அந்த அடுப்பு மாடலுக்கென்று அளந்து செய்தது, மாட்ட வேண்டும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

முதல் நாள் தீ அகல் விளக்குபோல எரிந்தது. போன் செய்தேன். ஒரு பையன் சின்ன டிரில்லோடு வந்தான். பழைய ஜெட்டுகளைக் கழற்றி, தரையில் உட்கார்ந்தே துளைகளைப் பெரிதாக்கி மாட்டினான். "இப்போ பாருங்க சார்!" தீ எகிறியது. நானும் சந்தோஷமாக அனுப்பி வைத்தேன்.

ஒரு வாரத்தில் பாத்திரங்களின் அடி கருக்கத் தொடங்கியது. தீயின் நுனி மஞ்சள். ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்த நாளெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தலைவலி. வெளியே போனால் சரியாகிவிடும். தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன், வேறென்ன தோன்றும்?

தகுதிச் சான்று உள்ள வேறொரு மெக்கானிக்கை அழைத்தேன். தீயைப் பார்த்ததும் அவர் செய்த முதல் வேலை, அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்தது. துளை கணக்கில்லாமல் பெரிதானதால் வாயு அதிகம், காற்று போதவில்லை. அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும் என்றார். கசிவு தெரியட்டும் என்று எரிவாயுவில் வாடைப் பொருள் கலக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. மூக்கை நம்பிப் பயனில்லை. அதற்குத் தனி அலாரம் வேண்டும்.

அப்புறம் அவர் கண் கசிவு டிடெக்டர் மேல் போனது. கணுக்கால் உயரத்தில் மாட்டியிருந்தார்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். அதற்கு அந்த இடம் சரி. மீத்தேன் லேசு, மேலே ஏறும். டிடெக்டர் கூரைக்கு ஒரு அடிக்குள் இருக்க வேண்டும். "லேசான வாயு, கசிந்தாலும் பறந்துவிடும்" என்று விற்றவர் சொன்னது நினைவுக்கு வந்தது. மூடிய அறையில் எங்கே பறக்கும்? காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும்.

கடைசியாக எல்லா பர்னரையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் கடைசி இலக்கம் நகர்ந்திருந்தது. சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் மீட்டரை அடுத்த இணைப்பில் குமிழி. இணைப்பு கொடுத்த அன்று யாரும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு.

விற்றவர் சொன்ன விலைக் கணக்கும் அப்படிப் பாதி உண்மைதான். ஒரு கிலோ சிலிண்டர் கேஸையும் ஒரு கன மீட்டர் குழாய் வாயுவையும் அருகருகே எழுதி, பாருங்கள் எவ்வளவு மிச்சம் என்று காட்டினார். ஒரு கிலோவின் வெப்பத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கன மீட்டர் வேண்டும். பயன்படுத்தாத மாதத்துக்கும் நிலையான கட்டணம் உண்டு என்பது படிவத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில்.

இப்போது சரியான ஜெட் போட்டாகிவிட்டது, தீ நீலமாக எரிகிறது, தலைவலி இல்லை. செலவு என்னுடையது. புகார் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது, "ஆள் வருவார்" என்கிறார்கள். வந்தால் காட்டுவதற்கு டிரில் போட்ட அந்த ஜெட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நான்கில் எந்த இரண்டின் துளையும் ஒரே அளவில் இல்லை.