துப்பாக்கி வைத்திருப்பவரின் சந்தா யாருக்குப் போகவேண்டும்?

அமெரிக்காவில் வயதுவந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது. அவர்களில் 19 சதவீதம் பேர்தான், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக வாதாடும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் (என்.ஆர்.ஏ.) உறுப்பினர்கள் என்று 2017இல் பியூ ஆய்வு மையம் கணக்கிட்டது. மற்றவர்கள் சந்தா கட்டாமலேயே அந்த உரிமையை அனுபவிக்கிறார்கள். இது சரியா?

சரியில்லை என்றுதான் நினைக்கிறேன். சிகாகோவில் ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்ற கறுப்பின முதியவரின் வீட்டில் அடிக்கடி திருடர்கள் புகுந்தார்கள். ஆனால் அவரால் ஒரு கைத்துப்பாக்கி வாங்க முடியவில்லை. 1982 முதலே நகரம் அதற்குத் தடை போட்டிருந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பின் பலன் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் கிடைத்தது. செலவு செய்தவர்களோ சிலர்தான். உரிமை வேண்டும் என்பவர் அதன் செலவிலும் பங்கெடுக்கவேண்டும். ஆனால் யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

பெரும்பாலோர் முதலில் நினைப்பது என்.ஆர்.ஏ.வைத்தான். உள்நாட்டுப் போரில் வீரர்கள் குறிபார்த்துச் சுடத் தெரியாமல் திணறியதைக் கண்ட இரண்டு அதிகாரிகள் 1871இல் தொடங்கிய அமைப்பு அது. நூறாண்டுக் காலம் அதன் முதன்மையான வேலை குறிசுடும் பயிற்சிதான். 1977இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் விடிய விடிய உட்கார்ந்து பழைய தலைமையைத் தூக்கியெறிந்தார்கள். அன்றிலிருந்து அது அரசியல் படை. அதன் பயிற்சியாளர்களிடம் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். அந்தப் பணியை நான் மதிக்கிறேன்.

மதிக்க முடியாதது சந்தாப் பணத்துக்கு நேர்ந்த கதி. தனி விமானப் பயணங்கள், விலையுயர்ந்த கோட்டுகள், பஹாமாஸ் உல்லாசம் என்று தலைமை செலவழித்ததாக நியூயார்க் அரசு தலைமை வழக்கறிஞர் 2020இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டே அமைப்பு டெக்சஸில் திவால் மனு போட்டது. அது நல்லெண்ணத்தோடு போடப்பட்டதல்ல என்று நீதிபதி தள்ளுபடி செய்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் தலைமை வகித்த வெய்ன் லாபியர் 2024 ஜனவரியில் விலகினார். அடுத்த மாதமே, அவர் ஏறக்குறைய 43 லட்சம் டாலர் திருப்பித் தரவேண்டும் என்று ஜூரி சொன்னது. ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் மிச்சம்பிடித்து அனுப்பிய பணம் அது. இதைச் சிறு சறுக்கல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தலைமை மாறியிருக்கிறது, உண்மைதான். ஆனால் போன நம்பிக்கை அமைப்புக்குள் நடக்கும் ஒரே தேர்தலில் திரும்பிவிடாது.

அதைவிட என்னை உறுத்துவது பிலாண்டோ காஸ்டீலின் சாவு. பள்ளி உணவகத்தில் வேலை பார்த்தவர். 2016 ஜூலையில் மினசோட்டாவில் போலீஸ்காரர் காரை நிறுத்தச் சொன்னபோது, தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே பணிவாகச் சொன்னார். அதைச் சுமந்து செல்ல உரிமமும் அவருக்கு இருந்தது. சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டத்தை மதிக்கும் துப்பாக்கி உரிமையாளர் என்று என்.ஆர்.ஏ. யாரைச் சொல்லி வந்ததோ, அவர் அப்படியே இருந்தவர். அமைப்போ, அவர் பெயரைக்கூடச் சொல்லாமல், செய்திகள் கவலையளிக்கின்றன, விசாரிக்கவேண்டும் என்று ஓர் அறிக்கை விட்டதோடு நிறுத்திக்கொண்டது. பேசவேண்டிய நாளில் பேசாத அமைப்பு யாருடைய உரிமைக்காக இருக்கிறது?

அதன் மேல் கோபம் கொண்டவர்களில் பலர் கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா பக்கம் போகிறார்கள். எழுபதுகளில் கலிபோர்னியா மாநில செனட்டர் ஒருவர் தொடங்கியது. சமரசமே இல்லை என்பதுதான் அதன் முழக்கம். 2017 லாஸ் வேகஸ் படுகொலைக்குப் பிறகு, துப்பாக்கியை மிக வேகமாகச் சுடவைக்கும் பம்ப் ஸ்டாக் கருவிக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்று என்.ஆர்.ஏ.கூடச் சொன்னது. கன் ஓனர்ஸ் அமைப்போ தடையை எதிர்த்து நீதிமன்றம் போனது. அந்தத் தெளிவு சிலருக்குப் பிடிக்கும். எனக்கு அது கதவை அடைத்துக்கொண்டு உட்காருவதாகத்தான் தெரிகிறது. தனியார் விற்பனையிலும் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கவேண்டும் என்று துப்பாக்கி வைத்திருப்பவர்களிலேயே பெரும்பான்மையினர் சொல்கிறார்கள். அவர்களுக்கு அங்கே இடமில்லை.

மெக்டொனால்ட் வழக்கை முன்னின்று நடத்தியது செகண்ட் அமெண்ட்மெண்ட் ஃபவுண்டேஷன். ஆயுத உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம்தான் அந்தப் பெயரில் இருப்பது. 1974 முதல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவில் இயங்குகிறது. இதன் முதன்மைக் களம் நீதிமன்றம். அறக்கட்டளையாகப் பதிவு பெற்றிருப்பதால் நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை உண்டு. வேட்பாளருக்குப் பணம் தர அதற்கு அனுமதி இல்லை. இந்த இரண்டாவது விதிதான் எனக்கு முக்கியம். 2016இல் டிரம்பை வெற்றிபெறச் செய்ய என்.ஆர்.ஏ. 3 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. வேட்டைக்குப் போகிற, ஆனால் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிற ஒருவர் அங்கே கட்டும் சந்தா அவர் வாக்குக்கே எதிராகத் திரும்பும். வழக்கு நிதிக்குக் கொடுத்தால் அந்தச் சங்கடம் இல்லை. ஃபயர்ஆர்ம்ஸ் பாலிசி கோயலிஷன் என்ற அமைப்பும் வழக்கு மேல் வழக்காகப் போடுகிறது. வேகம் அதிகம், வயது குறைவு.

பெரிய அமைப்பே பெரிய வெற்றியைத் தரும் என்பதும் உண்மையல்ல. வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றத்தின் ஹெல்லர் தீர்ப்பு சொன்னது. அந்த வழக்குக்குச் செலவு செய்தவர் ராபர்ட் லெவி என்ற தனிமனிதர். அவரிடம் துப்பாக்கியே இருந்ததில்லை. தோற்றுவிட்டால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சி, தொடக்கத்தில் என்.ஆர்.ஏ. ஒதுங்கியே நின்றது.

துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் எதிர்ப் பக்கத்திலும் ஓர் இடம் இருக்கிறது. 2011இல் தலையில் குண்டு பாய்ந்து பிழைத்த முன்னாள் எம்.பி. கேபி கிஃபர்ட்ஸ் தொடங்கிய அமைப்பு, துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்றே தனிப் பிரிவு நடத்துகிறது. பின்னணிச் சோதனை மட்டும் போதும் என்பவர் அங்கே முழுமனதோடு இருக்க முடியாது. ராணுவத் துப்பாக்கியைப் போன்ற ஏஆர்-15 வகைத் துப்பாக்கிகளுக்கே தடை வேண்டும் என்பது அதன் நிலை.

என் கையில் நூறு டாலர் இருந்தால் பெல்வியூவில் உள்ள அந்த அறக்கட்டளைக்குத்தான் அனுப்புவேன். வழக்குகள் மட்டும் அதற்குக் காரணமல்ல. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். துப்பாக்கி உள்ள வீடுகளில்தான் அந்தத் துயரம் நடக்கிறது. 2016இல் வாஷிங்டன் மாநிலம் தற்கொலைத் தடுப்புக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தபோது இந்த அறக்கட்டளை அதை ஆதரித்தது, என்.ஆர்.ஏ.வும் ஆதரித்தது. துப்பாக்கிக் கடைக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். யாருடைய துப்பாக்கியையும் பறிக்கும் பேச்சு அங்கே எழவில்லை. மனம் உடைந்திருக்கும் நண்பரிடம் அதைக் கொஞ்ச நாள் வாங்கி, நம் பெட்டியில் பூட்டி வைப்பது எப்படி என்பதுபோன்ற பேச்சுதான் நடந்தது.