1,900 டாலருக்கு நான் வாங்கிய 'பழைய' படம்

மாசசூசெட்ஸ் பக்கம் பழம்பொருள் கடைகளில் 19ஆம் நூற்றாண்டு ஓவியம் தேடி அலைபவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அட்டையில் வரைந்த குழந்தைப் படம். சிவப்புக் கவுன், தட்டை முகம், எலும்பே இல்லாத மாதிரி ஒரு கை. வில்லியம் மேத்யூ பிரையர் வரைந்தது என்றார் கடைக்காரர். பிரையர் நிஜமான ஆள்தான். 1806இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர், ஊர் ஊராகப் போய் முகம் வரைந்தவர், அப்புறம் பாஸ்டனில் குடியேறினார். நன்றாகவே வரையத் தெரியும். ஆனால் நிழல் போடாத தட்டைப் படம் போதும் என்பவர்களுக்குக் கால் விலைதான் என்று 1831இலேயே விளம்பரம் கொடுத்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், படச்சட்டம், கண்ணாடி எல்லாம் சேர்த்து 2 டாலர் 92 சென்ட் என்று அச்சடித்த அவருடைய சீட்டும் உண்டு. என் படத்தின் பின்னால் அதே சீட்டு ஒட்டியிருந்தது. அங்கேதான் விழுந்தேன்.

கூடவே கடைக்காரர் ஒரு கதையும் சொன்னார். அந்தக் கால ஓவியர்கள் குளிர்காலத்தில் தலையில்லாத உடம்புகளாக வரைந்து வைத்துக்கொண்டு, வெயில் வந்ததும் வண்டியில் ஏற்றிப் போய்த் தலையை மட்டும் வரைந்து விற்பார்களாம். அப்படித் தலையில்லாத படம் எதுவும் கிடைத்ததில்லை என்று பிறகுதான் படித்தேன். தலையில்லாத கதைக்கு நானும் தலையாட்டியிருக்கிறேன்.

வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சீட்டு முழுக்கப் பொடிப் புள்ளிகள். பத்திரிகைப் படங்களில் இருக்குமே, அதே புள்ளிகள். ஈய எழுத்தில் அச்சடித்த சீட்டில் அது எப்படி வரும்? அசலைப் படமெடுத்து அச்சடித்த நகல் அது. ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். குழந்தையின் காலரில் இருந்தது டைட்டானியம் வெள்ளை என்றார். முதல் உலகப் போர்க் காலத்துக்கு முன் அந்தச் சாயம் ஓவியர்கள் கைக்கு வரவில்லை. பிரையர் இறந்தது 1873இல்.

கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பில்லைப் படிங்க" என்றார். 'பிரையர் பாணி' என்றுதான் எழுதியிருந்தது, 'பிரையர் வரைந்தது' என்று இல்லை. பிரையரின் மைத்துனர் ஹாம்ப்ளினும் ஏறக்குறைய அதே மாதிரி வரைந்தவர், பல படங்களில் கையெழுத்தும் கிடையாது; அதனால் நேர்மையான வியாபாரிகளும் கூட பெயரை உறுதியாக எழுதத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைத்தான் இவர் கேடயமாக்கிக்கொண்டார். 'இவர் வரைந்தது, இந்த ஆண்டுவாக்கில்' என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

போன வாரம் அந்தக் கடை ஜன்னலில் இன்னொரு குழந்தை இருந்தது. இந்த முறை நீலக் கவுன்.