85-ஆ, 70-200-ஆ? புக்கிட் ஜாலில் ராக் கச்சேரிக்கு எந்த லென்ஸ்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் படம் எடுக்கும் தம்பிகள் பெரும்பாலும் கல்யாணத்திலும் தோட்டத்துக் கோயில் திருவிழாவிலும் கை பழகியவர்கள். பையில் 85 எம்எம் எஃப்1.8 லென்ஸ் ஒன்று, ஜூம் இல்லாதது, கட்டாயம் இருக்கும். கோலாலம்பூர் ராக் கச்சேரி ஒன்றுக்கு ஊடக பாஸ் கிடைத்துவிட்டால் உடனே கேள்வி வரும்: இதையே கொண்டுபோனால் போதுமா, 70-லிருந்து 200 எம்எம் வரை இழுக்கும் 70-200 எஃப்2.8 ஜூம் லென்ஸை வாடகைக்கு எடுக்கணுமா?

கணக்குப்படி 85-தான் கெட்டி. எஃப்-க்குப் பின்னாலுள்ள எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்; எஃப்2.8-ஐவிட எஃப்1.8 ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எடை அரை கிலோகூட வராது. டிஎஸ்எல்ஆர் காலத்து 70-200 ஒன்றரை கிலோ. நம்ம ஊர்த் திருவிழா மேடையை நினைத்துப் பாருங்கள்: நாலு எல்இடி விளக்கு, பின்னால் ஒரு பேனர், பாடுகிறவர் முகத்தில் பாதி இருட்டு. அங்கே 70-200 மாட்டினால், கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ அளவு 6400-க்கு மேலே போய், படம் முழுக்கப் புள்ளி விழும். 85 சமாளித்துவிடும்.

புக்கிட் ஜாலிலில் ஆக்சியாட்டா அரேனா என்று அறியப்பட்ட அரங்கத்தின் கதை வேறு. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய உள்ளரங்கம், ஏறக்குறைய 16,000 பேர் உட்காரலாம். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் பாடகர் தெரிய வேண்டும் என்றுதான் பெரிய கச்சேரிகளில் விளக்குப் போடுவார்கள். முகத்தின்மேல் ஸ்பாட் விளக்கு விழும் நேரத்தில் எஃப்2.8, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ 3200-க்குள்ளேயே படம் தேறிவிடும். ஊரில் 85-ஐ ராஜாவாக்கிய அந்த அதிகப்படி வெளிச்சம் இங்கே பாதி வீண்.

இங்கே தட்டுப்பாடு இடத்துக்குத்தான். பெரும்பாலான கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் படம் எடுக்க விடுவார்கள், ஃபிளாஷ் கூடாது, அப்புறம் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். மேடைக்கும் தடுப்புக்கும் நடுவிலுள்ள சந்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கணும். முன்னே பின்னே நகர முடியாது. பாடகர் மேடை விளிம்புக்கு வந்தால் 70 வேண்டும், டிரம்மர் பக்கம் ஓடினால் 200 வேண்டும். 85 வைத்திருப்பவர், அதுவும் காட்சியை இன்னும் நெருக்கிக் காட்டும் கிராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவில் மாட்டியிருப்பவர், பாடகர் கிட்டே வந்தால் மூக்குத் துவாரத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவார். மேடை உயரம் வேறு நம்ம ஊர் மேடையைப்போல இருக்காது. நேர் கீழே நின்றால் மேடைத் தரையில் வைத்த மானிட்டர் ஒலிபெருக்கிப் பெட்டி இடுப்புவரை மறைக்கும், மைக் வாயை மறைக்கும். கிதார்காரர் பக்கமாக ஒதுங்கி நின்று 135-க்கு மேல் இழுத்தால், மைக் ஓரமாகி முகம் முழுசாகக் கிடைக்கும். இந்த ஒன்றுக்காகவே நான் 70-200 பக்கம்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன்மார் சிலர், "அதில ஸ்டெபிலைசர் இருக்கே, 1/60-லகூட எடுக்கலாம்" என்பார்கள். நம்பாதீர்கள். அது நம்ம கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், தலைமுடியைச் சுழற்றும் கிதார்காரரை நிறுத்தாது. 1/320-க்குக் கீழே இறங்கவேண்டாம். சிவப்பு, நீல விளக்குக்கு எந்த லென்ஸானாலும், பிறகு நிறத்தைத் திருத்த இடம் கொடுக்கும் ரா ஃபைல்தான் காப்பாற்றும். எல்இடி விளக்கால் படத்தில் விழும் கோடுகளைக் குறைக்க, எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கல் ஷட்டர் வையுங்கள்.

பாஸ் இல்லாமல் டிக்கெட்டில் போகிறவருக்கு இந்தச் சண்டையே தேவையில்லை. லென்ஸ் கழற்றும் கேமராவைப் பல ஏற்பாட்டாளர்கள் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கைப்பேசிதான் கதி. இருக்கையிலிருந்து பாடகர் முகத்தை இழுத்து இழுத்து எடுத்தால் வெள்ளையாக ஒரு பொட்டு மிஞ்சும். ஜூம் செய்யாமல் 1x-இலேயே வைத்து, திரையில் மேடையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, விளக்குக் கற்றையையும் தூக்கிய கைகளையும் எடுங்கள். முகம்தான் வேண்டுமென்றால் போனிலுள்ள நிஜமான டெலி லென்ஸ் எல்லைவரை போங்கள், அதைத் தாண்டவேண்டாம்.

வாடகைக்கு ஈப்போவில் விசாரித்தும் கட்டுப்படியாகவில்லையா? சரி, 85-ஐயே கொண்டுபோங்கள். டிரம்மரை மறந்துவிட்டு, பாடகர் மேடை நடுவில் நிற்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். ஆனால் எதை எடுத்துப் போனாலும், ஈடிஎஸ் ரயில் டிக்கெட் போடுவதற்குமுன் ஏற்பாட்டாளரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: படக்காரர்களை எங்கே நிறுத்துவீர்கள்? பெரிய இசைக்குழுக்கள் சில, எல்லாரையும் பின்னால் ஒலி மேசைப் பக்கம் தள்ளிவிடும். அங்கேயிருந்து 200-ஏ குட்டை, 400 தேடணும்.