நார் மில்லுல தீ: தீயணைப்புத் துறை எப்படி வேலை செஞ்சாங்க?

பொள்ளாச்சிக்குத் தெக்கால, தென்னந்தோப்புக்கு நடுவுல எங்க நார் மில்லுங்க. பங்குனி வெயில்ல களத்துல காயற மஞ்சி, அதாவது தேங்கா நாரு, பத்திக்கறதுக்கு ஒரு பீடித் துண்டு போதும். புகையைப் பார்த்ததும் 101-க்கு அடிச்சோம். போனை எடுத்தவர் முதல்ல கேட்டது, "உள்ள யாராச்சும் மாட்டியிருக்காங்களா? மெயினை ஆஃப் பண்ணியாச்சுங்களா?" அப்புறந்தான் வழி கேட்டார்.

வந்த வேகத்துக்கு எரியற குவியல் மேல தண்ணிய அடிச்சுத் தீர்த்துருவாங்கன்னுதான் நெனச்சேன். அப்படிச் செய்யலைங்க. நிலைய அலுவலர் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துட்டு, தீ இன்னும் எட்டாத பேல்களை (நார்க் கட்டுகளை) முதல்ல தள்ளி வெக்கச் சொன்னார். நார்த் தீ மேலாப்புல அணைஞ்ச மாதிரி இருக்கும்; அடியில கனிஞ்சுட்டே கெடந்து ராத்திரி மறுபடி பிடிச்சுக்கும். அதனால பொக்லைன் வரவெச்சு, குவியலைப் பொரட்டிப் பொரட்டி நனைச்சாங்க. கெளம்பறப்ப ஒருத்தர் கையை உள்ள விட்டுச் சூடு இருக்கான்னு பார்த்தார். மனசு நெறஞ்சு போச்சுங்க. எங்ககிட்ட ஒரு பைசா கேக்கல. இன்சூரன்ஸுக்கு வேண்டிய தீ விபத்து அறிக்கைக்கு எப்படி எழுதித் தரணும்னும் பொறுமையாச் சொன்னாங்க.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: இந்தத் துறை உள்துறைக்குக் கீழ வருது. நிலையத்துக்கு மேல மாவட்ட அலுவலர், அவருக்கு மேல கோவையில மேற்கு மண்டலத் துணை இயக்குநர், தலைமை சென்னையில. 108 ஆம்புலன்ஸ் சுகாதாரத் துறையோடது. வெள்ளம், மண்சரிவுன்னா கலெக்டர் ஆபீஸ் 1077. பதட்டத்துல எதுவும் ஞாபகம் வரலைன்னா 112 அடிங்க.

ஒரே கொறை தண்ணிதான். ஒரு வண்டியில ஏறத்தாழ 4,500 லிட்டர் வரும். பெரிய பைப்புல அடிச்சா நிமிசக் கணக்குல காலி. பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் போட்டு ரொப்பிக் குடுத்தாங்க, அந்தப் புண்ணியவான்கள் நல்லா இருக்கணும். கரண்ட் இல்லாத நேரமா இருந்திருந்தா? மில்லுக மேல மில்லா இருக்கற இந்தப் பக்கத்துக்கு, கூடவே வர்ற மாதிரி ஒரு பெரிய தண்ணி லாரியை அரசாங்கம் கண்டிப்பாக் குடுக்கணும். நாங்களும் சங்கத்துல மனு எழுதிட்டு இருக்கோம், நார் மில் வெச்சிருக்கறவங்க வந்து கையெழுத்துப் போடுங்க.